கேட்கிற வேலை

மதிய நிகழ்ச்சிக்கு அழைக்கிறவர்களில் பாதிப்பேர் எடுத்த எடுப்பில் கேட்பது, "என் குரல் கேக்குதா?" என்பதைத்தான். அன்றைக்கு முதலில் அழைத்த தையல்காரரும் அதையேதான் கேட்டார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த அறிவிப்பாளர், தினமும் சொல்வதை அன்றுதான் முதன்முதலாகச் சொல்கிறவள்போலக் குழைந்து, நன்றாகக் கேட்கிறது, பக்கத்தில் ரேடியோ ஓடினால் அதை மட்டும் அணைத்துவிட்டுப் பேசுங்கள் என்றாள். தையல்காரர் அணைத்தார். மகள் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள், அவளுக்கு ஒரு பாட்டு வேண்டும், சந்தோஷமான பாட்டாக இருக்கட்டும் என்றார். கடை எப்படிப் போகிறது என்று அறிவிப்பாளர் ஒப்புக்குக் கேட்டுவைத்தாள். பழைய தையல் மெஷின் தண்ணீரில் போய்விட்டது, இப்போது வேறொன்று வாங்கியிருக்கிறேன் என்று அவர் ஆரம்பித்தார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்தவனின் ஆள்காட்டி விரல் தானாக எழுந்து பட்டனுக்கு மேலே போய் நின்றது. "மழைத் தண்ணிதாம்மா" என்றார் தையல்காரர். விரல் பழைய இடத்துக்குத் திரும்பியது. மழை என்று சொல்லலாம்.

விரலுக்குச் சொந்தக்காரனை அலுவலகத்தில் அமுக்குணி என்று கூப்பிடுவார்கள். பட்டனை அமுக்குகிறவன் என்று யாரோ கேலியாக வைத்தது, ஆளின் சுபாவத்துக்கும் பொருந்திப்போனதால் அப்படியே ஒட்டிக்கொண்டது. நேயர்கள் பேசுவது பேசிய உடனே ஊருக்குப் போய்விடாது. பத்து நொடி பிந்தித்தான் போகும். அந்தப் பத்து நொடி அமுக்குணியின் சாம்ராஜ்யம். ஆகாத பேச்சு ஏதாவது வந்தால் அவன் பட்டனை அமுக்குவான், பேச்சு உள்ளேயே விழுங்கப்பட்டு அதற்குப் பதிலாக ஒரு புல்லாங்குழல் இசை வெளியே போகும். எப்போதும் அதே இசைதான், மாற்ற வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதில்லை. ஊருக்கே அது அத்துப்படி. டீக்கடையில் யாராவது கொஞ்சம் வாய் நீளமாகப் பேசிவிட்டால் பக்கத்தில் இருப்பவர் அந்த மெட்டை மெல்ல முணுமுணுப்பார், பேசியவரும் சிரித்துக்கொண்டே வேறு பேச்சுக்குப் போய்விடுவார். ஒருநாள் அமுக்குணி அங்கே நின்றுகொண்டிருந்தபோதே அப்படி நடந்தது. அவனும் எல்லோரோடும் சேர்ந்து சிரித்தான்.

பட்டனை அமுக்கிய பிறகும் லைனைத் துண்டிக்கக் கூடாது. அது அங்கே வழக்கம். துண்டித்தால் கோபத்தில் திரும்பத் திரும்ப அழைப்பார்கள். பேசவிட்டால் பேசிக் களைத்து, ஊரே கேட்டுவிட்டது என்ற நிம்மதியில் தாங்களாகவே வைத்துவிடுவார்கள். பக்கத்து ரேடியோவைத்தான் அணைத்தாயிற்றே, உண்மை தெரிய வழியில்லை. புல்லாங்குழல் போகும் நேரத்தில் அறிவிப்பாளர் காதில் இருப்பதைக் கழற்றி வைத்துவிட்டு வெந்நீர் குடிப்பாள், நகத்தைப் பார்ப்பாள். ஆனால் பேசுகிறவர் எப்போது முடிக்கிறார் என்று யாராவது ஒருவர் கேட்டுக்கொண்டே இருந்தாக வேண்டும். அது அமுக்குணியின் பாடு. பேசுகிறவருக்குச் சந்தேகம் வராமலிருக்க அறிவிப்பாளரின் குரலில் "ம்... சொல்லுங்க" என்று பதிவுசெய்து வைத்திருந்தார்கள். நடுநடுவே அதைத் தட்டிவிட வேண்டும். கல்யாணமான புதிதில் இதை மனைவியிடம் பெரிய வேடிக்கையாகச் சொல்லியிருக்கிறான். அவளும் கொஞ்ச நாள், அவன் சாப்பிட்டுக்கொண்டே ஏதாவது அளக்கும்போது முகத்தை அப்படி வைத்துக்கொண்டு "ம்... சொல்லுங்க" என்பாள்.

போன மழைக்காலத்துக்குப் பிறகு பட்டனுக்கு வேலை அதிகமாகிவிட்டது. மேலிடத்திலிருந்து ஒருவர் வந்தார். மேலாளர் அறையில் உட்கார்ந்து டீ குடித்தார். மழை என்று பேசலாம், வெள்ளம் என்று பேசலாம், அணையின் மதகைத் திறந்தார்கள் என்று யாரும் பேச வேண்டாம், எத்தனை பேர் செத்தார்கள் என்ற பேச்சும் வேண்டாம் என்றார். காகிதத்தில் எதுவும் தரவில்லை. தந்திருந்தால் இவ்வளவுதான் என்று ஒரு எல்லை இருந்திருக்கும். வாயால் சொன்னதால் அது வளர்ந்துகொண்டே போனது. முதலில் மதகு. பிறகு அணை. பிறகு தண்ணீரில் மூழ்கிய தாழ்வான தெருக்களின் பெயர்கள். அப்புறம் யாராவது கொஞ்சம் நீளமாக அழுதாலே அமுக்குணி அமுக்க ஆரம்பித்தான். எதற்கு வம்பு. அமுக்காமல் விட்டதற்காக வேலை போனவர்கள் உண்டு, அதிகமாக அமுக்கியதற்காக யாரையும் யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அழைத்தவர்களையும் எவரும் தேடிப்போய் மிரட்டவில்லை. அதற்கு அவசியமே ஏற்படவில்லை. சில மாதங்களில் மதகு என்று சொல்கிறவர்கள் குறைந்துபோய், பிறகு அடியோடு நின்றுபோனார்கள். மேலாளர் அவன் தோளைத் தட்டி, ஊர் அமைதியாகிவிட்டது என்றார்.

வீடும் அமைதியாகத்தான் இருந்தது. அவனுடைய மச்சினன், மனைவிக்கு ஒரே தம்பி, அந்தத் தாழ்வான தெருக்களில் ஒன்றில், தெரு மட்டத்துக்குக் கீழே இருந்த ஓர் அறையில் வாடகைக்கு இருந்தவன். லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிற வேலை. கை எப்போதும் கிரீஸாக இருக்கும், வந்தால் கதவைக் கையால் தொடாமல் முழங்கையால் தள்ளிக்கொண்டு, "மாமா, இன்னைக்கு யாரு வாயை அடைச்சீங்க?" என்று கேட்டபடி வருவான். தண்ணீர் வடிந்த பிறகு அவனை அந்த அறையிலிருந்துதான் எடுத்தார்கள். இறப்புச் சான்றிதழில் மாரடைப்பு என்று எழுதியிருந்தது. அந்தத் தெருவில் அந்த ஒரே நாளில் எல்லோருக்கும் மாரடைப்பு.

அவளுக்குச் சொல்ல ஏதோ இருந்தது. அது அமுக்குணிக்குத் தெரியும். முதல் மாதத்திலேயே, சாப்பிட்டுக் கை கழுவி வந்து உட்கார்ந்ததும், "அன்னைக்குச் சாயங்காலம் தம்பி..." என்று ஆரம்பிப்பாள். அவன் எழுந்துவிடுவான். குழாய் சொட்டுகிறது என்று போவான். செருப்பை உள்ளே எடுத்து வைக்கப் போவான். ஒன்றும் கிடைக்காவிட்டால் சுவரைக் கண்ணால் காட்டுவான். மெல்லிய சுவர், எதிர்வீடு கைக்கெட்டும் தூரம், வானொலியில் வேலை பார்க்கிறவன் வீட்டிலேயே இந்தப் பேச்சா என்று ஒரு வார்த்தை வெளியே போனால் போதும். இதெல்லாம் உண்மையான காரணங்கள்தான். ஆனாலும் அவள் வாயைத் திறக்கும்போது அவன் கால் எழுந்துகொள்வது அந்தக் காரணங்களுக்காக அல்ல என்று அவனுக்கே தெரிந்திருந்தது. பகல் முழுக்கக் காதில் விழுந்ததெல்லாம் உள்ளே எங்கோ போய் அடுக்கடுக்காக உட்கார்ந்திருந்தது, அதன் மேல் இன்னொன்றை வைக்க இடமில்லை என்று நினைத்துக்கொள்வான். அவளும் ஒரு கட்டத்தில் விட்டுவிட்டாள். அதற்குப் பிறகு வீட்டில் பேச்சு என்றால் கேஸ் தீர்ந்துவிட்டது, மின்சாரக்காரர் வந்து போனார், இன்னொரு கரண்டி போடட்டுமா, போதும். சண்டையும் இல்லை. சண்டை போடவும் ஏதாவது சொல்ல வேண்டுமே. அவனுக்கு வருத்தமாகக்கூட இல்லை. வருத்தம் வர வேண்டிய இடத்தைத் தொட்டுப்பார்த்தால் பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு உதட்டைத் தொடுவதுபோல இருந்தது.

தையல்காரரின் மகளுக்கான பாட்டு முடிந்தது. அழைப்புகளை எடுத்து விசாரித்து அனுப்புகிற பெண், பக்கத்து அறையிலிருந்து, அடுத்தது ஓர் அக்கா, தம்பிக்குப் பாட்டு வேண்டுமாம், பிரச்சினை இல்லாத ஆள் என்று சொல்லி லைனைத் தந்தாள். அறிவிப்பாளர் வணக்கம் சொன்னாள். எதிர்முனை, "என் குரல் கேக்குதா?" என்று கேட்கவில்லை. ரேடியோவை அணைத்துவிட்டேன் என்று தானாகவே சொன்னது. அமுக்குணிக்கு முதலில் வந்தது, வீட்டில் ஏதோ ஆகிவிட்டது, அவசரத்துக்கு மனைவி இந்த எண்ணில் கூப்பிடுகிறாள் என்ற நினைப்புதான். நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டான். அதற்குள் அவள் பேச ஆரம்பித்திருந்தாள். சொந்தப் பெண்டாட்டியின் குரல் காதுக்குள் அவ்வளவு நெருக்கமாக, மூச்சு இழுப்பது வரைக்கும் துல்லியமாகக் கேட்டது. வீட்டில் அவள் இப்படிப் பேசிக் கேட்டு எத்தனை நாளாயிற்று என்று தோன்றியது.

தம்பி என்ன செய்கிறார் என்று அறிவிப்பாளர் கேட்டாள். லிஃப்ட் ரிப்பேர் பார்ப்பான் என்றாள். அப்படியானால் எப்போதும் உயரத்தில்தான் இருப்பார் என்று அறிவிப்பாளர் சிரித்தாள்.

"உசரத்துல வேலை பாத்தவன்தான். ஆனா தண்ணிலதான் போனான். அன்னைக்கு மதகைத் திறந்தாங்கள்ல, அப்ப."

யோசித்து அமுக்கினான் என்று சொல்ல முடியாது. அமுக்கக் கூடாது என்று யோசிப்பதற்குள் விரல் போய்விட்டு வந்திருந்தது. சிவப்பு விளக்கு எரிந்தது. ஊரில் புல்லாங்குழல் கேட்க ஆரம்பித்தது. அறிவிப்பாளர் விளக்கைப் பார்த்தாள், உதட்டைப் பிதுக்கினாள், காதில் இருந்ததைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு வெந்நீர்க் குவளையை எடுத்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் ஊதி ஊதிக் குடிப்பது சத்தமில்லாமல் தெரிந்தது. இந்தப் பக்கம், அமுக்குணியின் காதில், அவன் மனைவி பேசிக்கொண்டிருந்தாள்.

"அன்னைக்குச் சாயங்காலம் எனக்குத்தான் போன் பண்ணான். அக்கா, முழங்கால் வரைக்கும் வந்துருச்சு, கிளம்பி அங்க வந்துடவான்னு கேட்டான். நான்தான் வேணாம்னேன். தண்ணி வடிஞ்சிரும், யாரும் வெளிய வர வேணாம்னு ரேடியோல சொல்லிட்டே இருக்காங்கடா, பேசாம இருன்னேன். அவன் நம்பல. என்னமோ தண்ணி வர்ற வேகம் சரியில்லக்கா, மழைத் தண்ணி இப்படி வராதுன்னான்."

இந்த இடத்தில் "ம்... சொல்லுங்க" போட வேண்டும். அதற்கான பட்டன் இடது கைப்பக்கம் இருந்தது. அவன் கை மடியிலேயே கிடந்தது.

"நான் சொன்னேன், உன் மாமா அங்கதான்டா வேலை பாக்கறாரு. ஏதாவதுன்னா அவருக்குத் தெரியாமலா இருக்கும், தெரிஞ்சா நமக்குச் சொல்ல மாட்டாரான்னேன். அதுக்கப்புறம்தான் சரிக்கான்னு வெச்சான். மாமா இருக்காருன்னதும் நம்பிட்டான்." அவன் பெருவிரலால் ஒலியைக் கூட்டினான். அழவில்லை, மூச்சுதான் விட்டுக்கொண்டிருந்தாள். "நெஞ்சுவலின்னு எழுதிக் குடுத்திருக்காங்க. அவனுக்கு நெஞ்சுவலியெல்லாம் இல்ல. நான் சொன்னதைக் கேட்டு உள்ள உக்காந்திருந்தான், அவ்வளவுதான். இதை யார்கிட்டயாவது சொல்லணும்னு இருந்துச்சு. பாட்டு எதுவா இருந்தாலும் பரவால்ல."

லைன் அணைந்தது. அமுக்குணி கண்ணாடியைத் தட்டினான். அறிவிப்பாளர் குவளையை வைத்துவிட்டுத் திரும்பி வந்து, பாசமான அக்காவின் விருப்பமாக இதோ ஒரு பாட்டு என்று மலர்ந்தாள். அதற்குப் பிறகும் நான்கைந்து பேர் அழைத்தார்கள், எல்லோரும் பாட்டுதான் கேட்டார்கள். நிகழ்ச்சி முடிந்ததும் பக்கத்து அறைப் பெண் வந்து, பிரச்சினை இல்லாத ஆளென்று நினைத்து அனுப்பிவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள், கரெக்டாகப் பிடித்துவிட்டீர்கள் என்றாள். அவன் தலையாட்டினான். கழிப்பறைக்குப் போய் முகத்தைக் கழுவினான். தண்ணீர் முகத்தில் பட்டதா இல்லையா என்று கண்ணாடியில் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. துக்கம் வந்திருந்தால்கூடத் தேவலை. ஒன்றும் வரவில்லை என்பதுதான் பயமாக இருந்தது.

வீட்டுக்கு நடந்தே போனான். அவளிடம் என்ன சொல்வது என்பதுதான் வழி முழுக்க. ஊரே கேட்டுவிட்டது என்ற நிம்மதியில் இருப்பாள். பல நாளுக்குப் பிறகு முகம் கொஞ்சம் தெளிந்திருக்கும். அதைக் கெடுக்க வேண்டாம், நன்றாகப் பேசினாய் என்று சொல்லிவிடலாம். ஆனால் எதிர்வீட்டம்மா ரேடியோவை அணைக்கிற வழக்கமே இல்லாதவள், புல்லாங்குழலைக் கேட்டிருப்பாள், நாளைக்கே பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிடுவாள். மெஷின் கோளாறு என்று சொல்லலாமா. வேறு ஆள் டியூட்டியில் இருந்தான் என்று சொல்லலாமா. இப்படி ஒவ்வொன்றாக எடுத்து, வாய்க்குள்ளேயே சொல்லிப்பார்த்து, சரியில்லை என்று விழுங்கிக்கொண்டு வந்தான். பழக்கப்பட்ட வேலை என்பதால் சிரமமாக இல்லை.

அவள் ஜன்னலோரம் தரையில் உட்கார்ந்து காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். முகம் தெளியவும் இல்லை, வாடவும் இல்லை. எப்போதும்போல இருந்தது. டீ போடட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றான். சட்டையைக் கழற்றப் போனவன் கழற்றாமல் வந்து அவளுக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்தான்.

"கேட்டேன்" என்றான்.

"தெரியும்."

"இல்லம்மா... நீ பேசினது வெளிய..."

"போயிருக்காது. குழல் போட்டிருப்பீங்க. அதான் தெரியுமே." ஒரு தலையணை உறையை உதறி நான்காக மடித்து மற்றவற்றின் மேல் வைத்தாள். "அந்த 'ம் சொல்லுங்க'வை ஒரு தடவைகூட நீங்க போடல. அதுலயே நீங்க கேட்டுட்டு இருக்கீங்கன்னு புரிஞ்சுது."

அப்புறம் எதற்காக அங்கே அழைத்தாய் என்று அவன் கேட்டான். அவள் அடுத்த துணியை எடுத்தாள். கோபமாகச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மின்சாரக்காரர் வந்து போனதைச் சொல்கிற குரலில்தான் சொன்னாள்.

"வீட்ல சொன்னா எந்திரிச்சுப் போயிடுறீங்க. அங்க எந்திரிக்க முடியாதுல்ல."

அவனுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. காலைப் பார்த்தான். கால் தரையில்தான் இருந்தது. வெளியே எதிர்வீட்டு மொட்டை மாடியில் அந்தம்மா ஈரத்துணிகளை உதறிக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள். உதறுகிற சத்தம் ஒவ்வொன்றாக, சீராக, ஜன்னல் வழியாக உள்ளே வந்தது.

"ஒண்ணு கேக்கணும்" என்றாள் அவள். கை மடிப்பதை நிறுத்தவில்லை. "அன்னைக்குச் சாயங்காலம் நீங்கதானே டியூட்டில இருந்தீங்க. யாராவது போன் பண்ணாங்களா?"

இத்தனை மாதமும் அவன் எழுந்து எழுந்து போனது இந்தக் கேள்வி வந்துவிடக் கூடாதே என்றுதான். இல்லை என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடலாம். அவளுக்கு வேறு யாரிடமும் விசாரிக்க வழியில்லை. அவன் இல்லை என்றால் இல்லைதான், அன்றைக்கு ரேடியோ அறிவிப்புக்கு மாறாகப் பேசிய ஒரு குரலைப் புல்லாங்குழல் விழுங்கியதற்கு உலகத்தில் அவன் காதைத் தவிர வேறு சாட்சி கிடையாது. அவள் அவசரப்படுத்தவில்லை. மடியில் கிடந்த துணியின் ஓரத்தை நீவிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மரத்துப்போன காலில் மறுபடி ரத்தம் ஓடும்போது வருமே, அந்த மாதிரி ஒரு வலி எழுந்தது.

"ஒருத்தர் பண்ணாரு" என்றான். அவனுடைய குரல் அவனுக்கே பெரிதாகக் கேட்டது. "வயசானவர். பதட்டமெல்லாம் இல்ல. பின்னாடி நாய் ஒண்ணு விடாம குரைச்சுட்டே இருந்துச்சு. அணைக்குப் பக்கத்துல அவரு வீடாம். முதல்ல மன்னிப்புக் கேட்டாரு, பாட்டு கேக்கற நேரத்துல தொந்தரவு பண்றேன்னு."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். வெளியே உதறும் சத்தம் நின்றிருந்தது. ஜன்னலுக்கு நேர் எதிரே, மாடியின் கைப்பிடிச் சுவரோரம், எதிர்வீட்டம்மா கையில் ஒரு படுக்கை விரிப்போடு நின்றுகொண்டிருந்தாள். இந்தப் பக்கம் பார்க்கவில்லை. உள்ளேயும் போகவில்லை. அவன் அவளைப் பார்த்தான், மனைவியைப் பார்த்தான். மனைவி ஜன்னலைச் சாத்த எழுந்திருக்கவில்லை.

"மதகைத் திறந்துட்டாங்க, என் கண்ணால பாத்தேன்னாரு. கீழ இருக்கற தெருவுல எல்லாரையும் இப்பவே கிளம்பச் சொல்லுங்கன்னாரு" என்றான்.

மாடியில் நின்றவள் அசையவில்லை. சரியாகப் பிழியாத அந்த விரிப்பிலிருந்து தண்ணீர், கைப்பிடிச் சுவரில் வழிந்து, கீழே தெருவில் சொட்டிக்கொண்டிருந்தது.